வெளியே போகிற பந்து

பூவிழியைத் தமிழ்த்துறை அணியில் சேர்த்துக்கொண்டது அவள் ஆட்டத்தைப் பார்த்து அல்ல. ஆறாவது ஆளான மாதம்மாள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். துறைகளுக்குள் நடக்கும் வாலிபால் போட்டிக்குப் பெயர் கொடுக்க மறுநாள் கடைசி. அணித் தலைவி சசிகலா மூன்றாமாண்டு, கணியம்பாடிப் பெண். விடுதிச் சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நின்ற பூவிழியைத் தோளில் தட்டினாள்.

“ஏ பாப்பா, உனக்கு எந்த ஊரு?”

“புதூர்நாடு பக்கம்க்கா.”

“மலையா? வாலிபால் ஆடுவியா?”

பூவிழி தலையை ஆட்டினாள். கல்லூரியில் சேர்ந்த இந்த நாலு மாதத்தில் அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதே அதிகம். வகுப்பில் அறுபது பேர். அவள் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது.

வேதியியல் துறையோடு நடந்த முதல் ஆட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பின்வரிசையில் நின்றவள் எந்தப் பந்தையும் தரையில் விழவிடவில்லை. குனிந்தாள், புரண்டாள், ஒரு தடவை மண்ணில் வயிறு தேயப் போய் எடுத்தாள். “பூவிழி! பூவிழி!” என்று துறையே கத்தியது. தன் பெயரை அத்தனை வாய்கள் சேர்ந்து சொல்லி அவள் கேட்டதே இல்லை. காதெல்லாம் சூடாகிவிட்டது.

பிறகுதான் வினை. எதிரணிப் பெண் ஓங்கி அடித்த பந்து கோட்டை விட்டு இரண்டு ஆள் தூரம் தள்ளிப் போயிற்று. விட்டிருந்தால் சும்மா ஒரு பாயிண்ட். பூவிழி ஓடிப்போய்க் கைகொடுத்தாள். பந்து தெறித்து வேப்பமரத்தில் அடித்தது. பாயிண்ட் அவர்களுக்கு. அன்றைக்கு மட்டும் இப்படி நாலு.

“இன்னாடி பண்ற நீ?” சசிகலா இடுப்பில் கைவைத்தாள். “வெளிய போற பந்த இன்னாத்துக்குத் தொரத்திக்கினு ஓடற?”

“வுட்டா கீழ போயிடும்க்கா.”

“போனா போவட்டுமே!”

பூவிழிக்கு அதுதான் புரியவில்லை. அவள் ஊரில் ஆடுகளம் என்பது சாமைக் கொல்லைக்கு மேலே மண்ணை வெட்டிச் சமப்படுத்திய ஒரு துண்டு. மூன்று பக்கமும் சரிவு. கோட்டைத் தாண்டிய பந்து புளியமரங்களைக் கடந்து, முள்ளுப் புதரைக் கடந்து ஓடையில் போய்த்தான் நிற்கும். அடித்தவர் யாராக இருந்தாலும் சரி, பந்துக்குக் கிட்டே நின்றவர்தான் இறங்கி எடுத்துவர வேண்டும். அது ஊர்ச் சட்டம். ஏறி இறங்க அரைமணி நேரம். இருப்பது ஒரே பந்து. அங்கே பாயிண்ட் யாருக்கு என்று பெரிதாக யாரும் கேட்பதில்லை, பந்து மேலே இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

அன்று மாலை ஊரிலிருந்து அம்மா போனில் கூப்பிட்டாள்.

“ஆட்டத்துல சேத்துக்கினாங்களாமே? பந்த வுட்டுடாத. அப்பறம் உன்னத்தான் எறங்கி எடுக்கச் சொல்வாங்க.”

“இங்க எறங்கறதுக்கு எடமே இல்லமா. எல்லாம் சமமா கீது.”

“அப்ப பந்து?”

“செவுத்துல பட்டு அதுவா வந்துடும்.”

“அட, நல்ல ஊருதான்” என்றாள் அம்மா.

அரையிறுதியில் பூவிழி ஒரு வழி கண்டுபிடித்தாள். சந்தேகமான பந்து வந்தால் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வது. அப்படிக் கட்டிக்கொண்டு நின்றவளின் காலடியில், கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே, மூன்று பந்துகள் வந்து விழுந்தன. தட்டுத்தடுமாறி ஜெயித்தார்கள்.

அதற்குள் மாதம்மாளுக்குக் காய்ச்சல் தெளிந்துவிட்டது. சசிகலா நேராகவே சொன்னாள்.

“வெள்ளிக்கிழம ஃபைனல். நீதான் எறங்கற. ஆனா வெளிய போற பந்த ஒரே ஒரு தபா தொட்டுக் குடுத்த, மாதம்மா உள்ள வந்துடுவா. சரியா?”

“சரிக்கா.”

அடுத்த இரண்டு மாலையும் சசிகலாவும் மற்ற கல்லூரி வாலிபால் கிளப் பெண்களும் பயிற்சி செய்யும்போது பூவிழி கோட்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு பந்துக்கும் மனசுக்குள் உள்ளே, வெளியே என்று சொல்லிக்கொண்டாள். முதல் நாள் பத்துக்கு ஐந்துதான் சரி. பிறகு பந்தை விட்டுவிட்டு அடிக்கிறவள் கையைப் பார்த்தாள், தடுக்கிறவள் விரலைப் பார்த்தாள். பந்து தன் தோளுக்கு மேலே வேகமாக வந்தால் வெளியேதான் என்று கண்டுகொண்டாள். மறுநாள் பத்துக்கு ஒன்பது.

இறுதியாட்டம் வணிகவியல் துறையோடு. மாதம்மாள் கோட்டுக்கு வெளியே குதித்துக் குதித்துக் கைகால்களை உதறிக்கொண்டிருந்தாள். பூவிழி அந்தப் பக்கம் திரும்பவில்லை. தோளுக்கு மேலே வந்த ஐந்து பந்துகளை விட்டாள். விடும்போதெல்லாம் கால் தானாக ஒரு அடி எடுத்துவைத்தது, உள்ளங்கை அரித்தது. ஐந்தும் வெளியே விழுந்தன. ஆளுக்கு ஒரு செட். மூன்றாவது செட்டில் பதினாலுக்குப் பதிமூன்று. தமிழ்த்துறைக்கு இன்னும் ஒரே பாயிண்ட்.

எதிரணித் தலைவி எம்பி அடித்தாள். சசிகலா வலையோரம் கைதூக்கிக் குதித்தாள். பந்து அவளைத் தாண்டி, பூவிழியின் தலைக்கு மேலே, சைக்கிள் நிறுத்துமிடம் பார்த்துப் பறந்தது.

“வுடு! வுடு!” என்று துறையே அலறியது.

பூவிழி சசிகலாவின் விரலைப் பார்த்திருந்தாள். நடுவிரல் பின்னால் வளைந்து நிமிர்ந்தது. நம் ஆள் மேல் பட்ட பந்து கீழே விழுந்தால் பாயிண்ட் அவர்களுக்கு. ஓடினாள். மாதம்மாளை இடித்துக்கொண்டு ஓடி, சைக்கிள்களுக்கு முன்னால், வலைக்கு முதுகு காட்டியபடியே பந்தைத் தலைக்குப் பின்னால் தூக்கிவிட்டாள். வலையோரம் நின்ற அணித்தோழி புவனா வாயைப் பிளந்துகொண்டே அதை வலைக்கு அந்தப் பக்கம் தட்டினாள். வெளியே போய்விட்டதென்று கைகளைத் தொங்கவிட்டிருந்த எதிரணி ஆறு பேருக்கு நடுவில் அது பொத்தென்று விழுந்தது.

“வெளிய போன பந்த அங்க போயி எடுத்தா செல்லாது சார்!” என்றாள் எதிரணித் தலைவி.

“தரையில வுழுந்தாத்தாம்மா அவுட்டு” என்று நடுவர் விசிலை ஊதி முடித்தார்.

புவனாவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. “வுட்டிருந்தாலும் நமக்குத்தான்டி பாயிண்ட்! கைல பட்டத அவரு பாக்கவே இல்ல!”

“நான் பாத்துட்டேன்க்கா” என்றாள் பூவிழி.

சசிகலா வீங்கிய விரலை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். “திங்கக்கிழம காலைல ஆறு மணிக்கு கிளப் பிராக்டீஸ். என்கூட வந்துடு.”

மாதம்மாள் கீழே உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். “மூணு செட்டும் குதிச்சுக்கினே நின்னேன். ஒரு தபாவாச்சும் தப்புப் பண்ணியிருக்கக் கூடாதா நீ?”

“மன்னிச்சுக்கங்கக்கா” என்றாள் பூவிழி, நிஜமாகவே வருத்தப்பட்டு. மாதம்மாள் கழற்றிய ஷூவை அவள் மேல் எறிந்தாள். பூவிழி அதையும் பிடித்துவிட்டாள்.