ராயபுரத்துக்குத் திருவொற்றியூர், திருவொற்றியூருக்கு ராயபுரம்

நர்சுகள் நாங்களே நடத்தப்போகும் பாலியல் நல கிளினிக். வெள்ளைப்படுதல், புண், எரிச்சல் என்று எதற்கும் கூச்சப்படாமல் வரலாம். அதற்கு இடம் பார்ப்பதுதான் இன்று என் வேலை.

காலையில் ராயபுரம். ஐஸ் கடைக்கு மேலே காற்றோட்டமான அறை. கீழே மீன் விற்கும் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார்.

“இன்னாம்மா நீ? எதிர்லயே எங்க நாத்தனா வூடு கீது. இங்க வெச்சா எவ வருவா? திருவொத்தியூர்ல வை. வெள்ளிக்கெழம கோயிலுக்குப் போறேன்னு சொல்ட்டு வந்துர்றோம்.”

பிறகு அவரே குரலைத் தாழ்த்தி, “ஆறு மாசமா மெடிக்கல்ல களிம்பு வாங்கித் தடவிகினு கீறேன்” என்றார்.

சரியென்று மதியம் திருவொற்றியூர் போனேன். அங்கே கம்பெனி வேலைக்குப் போகும் ஒரு பெண் பதறிவிட்டார்.

“இங்க வேணாம் சிஸ்டர், தெரு முழுக்கத் தெரிஞ்சவங்க. ராயபுரத்துல வைங்க. மீன் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு வந்துருவேன்.”

ஆகவே இரண்டு இடத்திலும் திறக்கச் சொல்லி மேலிடத்துக்கு எழுதிவிட்டேன். ராயபுரத்தில் காலையிலேயே. மீன் தீர்ந்த பிறகு திறந்தால் யாரும் வர முடியாது. திருவொற்றியூரில் வெள்ளிக்கிழமை.

தேவையான பொருட்கள் பட்டியலில் கையுறை, பஞ்சு, ஆணுறை. அதற்குக் கீழே குங்குமப் பொட்டலம். கோயிலுக்குப் போனவர் வெறுங்கையோடு வீடு திரும்ப முடியாதே.

குங்குமம் எந்த நோய்க்கு என்று மேலிடத்தில் கேட்பார்கள். நாத்தனாருக்கு என்று எழுதலாமா?