தூத்துக்குடியிலிருந்து வந்த கான்சர்டினா

கொடைக்கானலில் டிசம்பர் மாதம் சாயங்காலங்களில் சர்ச் பாட்டுக் குழுக்கள் தெருத்தெருவாக வரும். நாங்கள் இந்துக்கள்தான். ஆனாலும் கதவைத் திறந்து வைத்து நின்று கேட்போம், குளிரில் வந்தவர்களுக்குக் காபி கொடுப்போம். ஒரு வருடம் அப்படி வந்த குழுவில், கிடார்காரருக்குப் பக்கத்தில் ஒருவர் ஆறு மூலையுள்ள சின்னப் பெட்டி ஒன்றை விரித்தும் சுருக்கியும் வாசித்துக்கொண்டிருந்தார். இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவு. நடுவில் ஆர்மோனியத் துருத்தியைப் போல மடிப்பு மடிப்பாக இருந்தது. இரண்டு முனையிலும் பொத்தான்கள். காபி டம்ளரை வாங்குவதற்காக அதை என் கையில் கொடுத்தார்.

"இது என்னங்க?"

"கான்சர்டினா. இழுத்துப் பாருங்க, ஒண்ணும் ஆகாது."

ஒரு பொத்தானை அமுக்கி இழுத்தேன். வாத்து கத்தியது மாதிரி ஒரு சத்தம். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சத்தம் என் விரலுக்கு அடியிலிருந்து வந்தது எனக்குப் பிடித்துவிட்டது. அவர் விடுமுறைக்கு மலைக்கு வந்தவர். அடுத்த வாரமே போய்விட்டார் என்று பிறகு தெரிந்தது.

நான் பழனிக்காரி. அப்பாவுக்கு அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை. கல்யாணமாகி மலைக்கு வந்தேன். வில்பட்டி ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர் வேலை; தினமும் டவுனிலிருந்து பஸ்ஸில் போய் வருகிறேன். கணவர் ஏரிப் பக்கம் ஒரு ஹோட்டலில் வரவேற்பில் இருக்கிறார். மகள் அந்த வருடம்தான் கோயம்புத்தூரில் காலேஜ் விடுதிக்குப் போயிருந்தாள். எங்கள் இரண்டு வீட்டிலும் பாடத் தெரிந்தவர்கள் யாரும் கிடையாது. எனக்கு நாற்பது தாண்டியிருந்தது.

முதலில் வாங்கியது ஆன்லைனில் கிடைத்த மலிவான பெட்டி. சிவப்பு பிளாஸ்டிக். விளையாட்டுச் சாமானுக்கும் வாத்தியத்துக்கும் நடுவில் ஏதோ ஒன்று. போனில் வீடியோக்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். இந்த வகைக் கான்சர்டினாவில் ஒரே பொத்தான், துருத்தியை இழுக்கும்போது ஒரு ஸ்வரமும் தள்ளும்போது வேறொரு ஸ்வரமும் தரும். எந்த விரல் என்பது மட்டும் போதாது, துருத்தி உள்ளே போகிறதா வெளியே வருகிறதா என்பதையும் சேர்த்து ஞாபகம் வைக்க வேண்டும். காற்று தீர்ந்துபோனால் பாட்டு பாதியில் நிற்கும். அதற்காகவே வலது கட்டைவிரலுக்கு ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கினால் சத்தமில்லாமல் காற்று நிரம்பும். முதல் இரண்டு மாதம் நான் அதை மறந்துகொண்டே இருந்தேன்.

கணவர் குறை சொன்னதில்லை. ஷிப்ட் முடிந்து வந்து சோபாவில் சாய்ந்துகொண்டு, "இன்னைக்கு நேத்த விடப் பரவால்ல" என்பார். தினமும் அதையேதான் சொல்வார். பக்கத்து வீட்டு அம்மாதான் ஒரு நாள் வாசலில் நிறுத்திக் கேட்டார்.

"உங்க வீட்ல ஏதும் கன்னுக்குட்டி வாங்கியிருக்கீங்களா?"

அதன் பிறகு சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வாசிப்பதில்லை என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்.

ஜூலை மழையில் அந்தச் சிவப்புப் பெட்டி செத்தது. மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும் ஊர் இது. துணி காயாது, உப்பு கட்டியாகும். பெட்டியின் துருத்தி அட்டை ஊறிப்போய் மூலையில் பிரிந்துகொண்டது. பொத்தான்கள் அமுக்கினால் அப்படியே உள்ளே நின்றுவிட்டன. பசை போட்டேன், டேப் ஒட்டினேன். கடைசியில் இரண்டு ஸ்வரம் மட்டும் விடாமல் ஒலித்துக்கொண்டிருக்க, அலமாரிக்கு மேலே தூக்கிப் போட்டேன்.

விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் மருந்து எண்ணிக் கொடுக்கும்போது என் விரல்கள் கவுண்டர் மேல் தானாகத் தட்டிக்கொண்டிருந்தன. மகளிடம் போனில் சொன்னபோது, "அப்ப நல்லதா ஒண்ணு வாங்குமா, எதுக்கு அழுதுக்கிட்டிருக்க?" என்றாள். பழைய சாமான் விற்கும் ஒரு இணையதளத்தில் அவளே தேடி, தூத்துக்குடியிலிருந்து போடப்பட்ட ஒரு விளம்பரத்தை அனுப்பினாள். கருப்பு மரம், தோல் துருத்தி, தேய்ந்துபோன வெள்ளைப் பொத்தான்கள். படம் சரியாக விழவில்லை. நம்பருக்குக் கூப்பிட்டேன். வயதான பெண் குரல்.

"பார்சல்லாம் அனுப்ப மாட்டேன்மா. வேணும்னா நேர்ல வாங்க."

ஒரு சனிக்கிழமை நானும் கணவரும் வெள்ளனே கிளம்பி, வத்தலக்குண்டு, மதுரை என்று பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தோம். ஸ்வெட்டரோடு புறப்பட்டவர்கள் மதுரையில் அதைக் கழற்றிப் பையில் திணித்தோம். தூத்துக்குடியில் இறங்கியபோது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அந்த அம்மாவின் கணவர் சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கியதாம். எங்கே என்று அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. பழைய துண்டு ஒன்றில் சுற்றிக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

"ஷோகேஸ்ல வைக்கதுக்குன்னு ரெண்டு பேரு வந்து கேட்டாங்க. குடுக்கல. நீங்க வாசிப்பீங்களா?"

"கத்துக்கிட்டிருக்கேன்மா."

"எங்க, வாசிச்சுக் காட்டுங்க."

எனக்கு முழுதாகத் தெரிந்தது ஒரே ஒரு பயிற்சி மெட்டு. கையை வாருக்குள் நுழைத்து இழுத்தேன். சிவப்புப் பெட்டி முக்கி முனகிக் கொடுத்த சத்தத்தை இது மூச்சு விடுவது போலக் கொடுத்தது. அதைக் கேட்டே தடுமாறிவிட்டேன். பாதியில் விரல் மாறியது, திரும்ப ஆரம்பித்தேன், மறுபடி அதே இடத்தில் நின்றது. கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா சிரித்தார்.

"அவரு இதவிட மோசமால்லா வாசிப்பாரு. எடுத்துட்டுப் போங்க."

காபி கொடுக்கும்போது அவரே பேசினார். "வருசத்துல பத்து மாசம் கடல்லதான் கெடப்பாரு. வந்த ரெண்டு மாசமும் இதத் தூக்கி மடியில வச்சிக்கிட்டு உக்காந்துருவாரு. எனக்கு எப்படி இருக்கும்? இந்தச் சத்தம் கேட்டாலே தலைவலி வந்துரும் எனக்கு." காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டே, "இப்ப வீடு சும்மா கெடக்கு" என்றார். நாங்கள் எழுந்தபோது அந்தத் துண்டையும் சேர்த்தே கொடுத்துவிட்டார்.

மறுநாள் மலை ஏறி வரும்போது, டவுனுக்கு முன்னால், மலையில் தடை செய்த பிளாஸ்டிக் பாட்டில்களைச் சோதிக்கும் இடத்தில் பஸ் நின்றது. சோதனைக்காரர் ஒவ்வொரு பையாகத் தொட்டுக்கொண்டே வந்தார். என் மடியில் இருந்த துண்டு மூட்டையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"என்னம்மா இது?"

"வாத்தியங்க."

"தொறங்க பாப்போம்." பிரித்துக் காட்டினேன். பொத்தான்களையும் இரண்டு பக்கத்துத் திருகாணிகளையும் உற்றுப் பார்த்தார். "வாத்தியம்னா சத்தம் வரணும்ல?"

பஸ் முழுக்கத் திரும்பியது. கணவர் என் காதருகில், "ரெண்டு வரி போதும்" என்றார். அந்தப் பயிற்சி மெட்டையே வாசித்தேன். தூத்துக்குடியில் இடறிய இடத்தில் இங்கே இடறவில்லை. சோதனைக்காரர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. தலையை ஆட்டிவிட்டு, பின்சீட்டுக்காரரின் பையில் கையை விட்டு இரண்டு தண்ணீர் பாட்டிலை உருவினார். முன்பின் தெரியாத ஒரு கூட்டத்துக்கு நான் முதன்முதலில் வாசித்தது அதுதான்.

ஈரம் இந்தப் பெட்டியையும் தின்றுவிடக் கூடாது என்று பயமாக இருந்தது. மாத்திரை டப்பாக்களுக்குள் ஈரத்தை உறிஞ்ச ஒரு சின்னப் பொட்டலம் போட்டிருப்பார்கள் அல்லவா, காலியாகும் டப்பாக்களிலிருந்து அவற்றை எடுத்துச் சேர்த்தேன். ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் அந்தப் பொட்டலங்களைப் பரப்பி, நடுவில் கான்சர்டினாவை வைத்து மூடினேன். இரண்டு மழைக்காலம் போய்விட்டது, துருத்தியில் பூசணம் பிடிக்கவில்லை. ஒரே ஒரு தடவை இடது பக்கம் ஒரு ஸ்வரம் ஊமையானது. திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தட்டில் வைத்தேன். உள்ளே வரிசையாக, காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் எஃகு நாக்குகள். அதில் ஒன்றின் இடுக்கில் துண்டிலிருந்து உதிர்ந்த நூல் சிக்கியிருந்தது. எடுத்துவிட்டதும் பேசியது. அந்த இரவு கணவர் சமைத்தார், நான் திருகாணிகளைத் திரும்ப முடுக்கினேன்.

மருத்துவ முகாமுக்கு மலைக்கிராமமான பூண்டிப் பக்கம் போகும் நாட்களில் டின்னை ஜீப்பில் எடுத்துப்போக ஆரம்பித்தேன். ஒரு நாள் முகாம் முடிந்தும் ஜீப் கிளம்பவில்லை, டயர் மாற்றிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கொட்டகையில் பெண்கள் பூண்டைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வாசனை கண்ணைக் கரித்தது. டின்னைப் பார்த்து ஒருவர் கேட்டார்.

"மேடம், அதுல என்ன ஊசியா?"

"இல்லக்கா, பாட்டுப் பொட்டி."

"அப்ப வாசிங்க. கையிலதான எங்களுக்குச் சோலி, காது சும்மாத்தான கெடக்கு."

எனக்குத் தெரிந்ததை வாசித்தேன். மரியாதைக்குக் கேட்டார்கள். பிறகு அவர்களே ஒரு கும்மி மெட்டை எடுத்தார்கள். நான் பின்னால் போகப் பார்த்தேன், எந்தப் பொத்தானும் பொருந்தவில்லை. அவர்கள் பாடிய சுருதி என் இரண்டு பொத்தான்களுக்கு நடுவில் எங்கோ இருந்தது. பாட்டில் வரும் வளைவுகளும் நெளிவுகளும் இந்தப் பெட்டிக்கு வராது. ஸ்வரத்தை வளைக்க அதில் வழியில்லை.

"ஒங்க பொட்டி எங்களோட ஒட்ட மாட்டேங்குதே" என்றார் முதலில் கேட்டவர்.

"கொஞ்சம் ஏத்திப் பாடுறீங்களாக்கா?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு ஏற்றினார்கள். இரண்டாவது தடவை உட்கார்ந்தது. வளைவுகளை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள், நான் தாளத்தை மட்டும் பிடித்துக்கொண்டேன். உள்ளே ஒரு தள்ளு, வெளியே ஒரு இழுப்பு. கும்மியின் கைத்தட்டுக்கு அது கச்சிதமாக இருந்தது. இத்தனை நாள் பெரும்பாடாக இருந்த தள்ளலும் இழுப்பும் அன்றைக்குத்தான் எனக்குச் சௌகரியமாகப் பட்டது. டிரைவர் ஹாரன் அடித்தார். "வெரசா வாங்க மேடம், மஞ்சு எறங்குது." பனிமூட்டம் ரோட்டை மறைக்கத் தொடங்கியிருந்தது.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் தூத்துக்குடி அம்மா கூப்பிட்டார். நான் எதிர்பார்க்கவில்லை. மழை உண்டா, குளிர் எப்படி என்றெல்லாம் கேட்டுவிட்டு, "அது நல்லா இருக்கா?" என்றார். நன்றாக இருக்கிறது என்றேன். "ஒரு நிமிசம் வாசியேன்." போனை மேஜையில் வைத்துக் கும்மி மெட்டை வாசித்தேன். முடித்ததும், "சரி, வைக்கேன்" என்று வைத்துவிட்டார்.

மூன்றாவது தடவை கூப்பிட்டபோது, அவர் கணவர் அடிக்கடி வாசித்த ஒரு மெட்டு இருந்தது என்றார். பெயர் தெரியாது, பாட்டா என்றும் தெரியாது. முனகிக் காட்டினார். குரல் உடைந்து உடைந்து வந்தது. நடுவில் மூச்சு வாங்கினார். நான் ரெக்கார்டு செய்துகொண்டு பல வாரம் தேடினேன். முதல் பாதி சீக்கிரம் கிடைத்தது. இரண்டாம் பாதி பிடிபடவில்லை. ஒவ்வொரு தடவையும் அவர் வேறு மாதிரி முனகினார்.

"அங்க எறங்கும்மா."

"போன தடவ ஏறும்னீங்களே."

"அப்படியா சொன்னேன்? இரு…" மறுபடி முனகுவார். "தெரியலயே. நான் எங்க கேட்டேன், அடுக்களைக்குப் போயிக் கதவச் சாத்திக்கிருவேன்லா."

கடைசியில் இறங்குவதாகவே நான் ஒன்றை அமைத்துக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூப்பிட்டு, ஆரம்பத்திலிருந்து முடிவு வரை நிறுத்தாமல் வாசித்தேன். முடித்த பிறகு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று போனைக் கையில் எடுத்தேன்.

"அம்மா?"

"இருக்கேன். அவரு வாசிச்சது இது இல்ல." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "ஆனா நல்லாத்தான் இருக்கு. இன்னொரு வாட்டி வாசி."

வாசித்தேன். அந்தத் தடவை, இரண்டாம் பாதி வரும்போது அவரும் கூடவே முனகினார். என் பொத்தான் இறங்கிய இடத்தில் அவர் குரல் ஏறியது. இரண்டும் சேர்ந்து கேட்டபோது மோசமாக இல்லை.

இப்போதும் கூப்பிடுகிறார். சில நாள் வாசிக்கச் சொல்வார். சில நாள் மேலே மழை பெய்கிறதா என்று மட்டும் கேட்பார். பெய்கிறது என்பேன். இங்கே வெயில் கொளுத்துகிறது என்று சொல்லி வைத்துவிடுவார்.