கழுத்துக்கும் வேண்டுதலா

1989ஆம் ஆண்டு ஆவணி மாதம் நான் சவரம் செய்வதை நிறுத்தினேன். மனைவிக்கு அப்போது ஐந்தாம் மாதம். கர்ப்பிணியின் கணவன் முகத்தில் கத்தி படக்கூடாது என்பது அவள் வீட்டு வழக்கம். எங்கள் வீட்டிலும் ஒரு காலத்தில் இருந்து, அப்பா தலைமுறையில் விட்டுப்போனது.

எனக்கு இதில் நம்பிக்கை இருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. முந்தைய ஆண்டு முதல் கர்ப்பத்தின்போது தினமும் சவரம் செய்துகொண்டுதான் வேலைக்குப் போனேன். மூன்றாம் மாதமே அலுவலகத்தில் இனிப்பு கொடுத்தேன். நான்காம் மாதம் கலைந்துவிட்டது. இனிப்பு சாப்பிட்ட ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக அதைச் சொல்ல வேண்டியிருந்தது. வழக்கம் தொடங்குவதே ஐந்தாம் மாதத்தில்தான். அதனால் கணக்குப்படி என் சவரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இருந்தாலும் ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமியார் என் மழித்த முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பார்வைக்குக் கணக்கு கிடையாது.

ஆகவே இரண்டாம் முறை இரண்டு முடிவுகள் எடுத்தோம். தாடி வளர்ப்பது, பிள்ளை பிறக்கும் வரை அலுவலகத்தில் யாரிடமும் சொல்லாமலிருப்பது. இரண்டையும் ஒரே சமயத்தில் செய்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை.

ஐப்பசியில் மாமியார் வந்து அவளை மாயவரத்துக்கு அழைத்துப் போனார். குரோம்பேட்டையில் ரயில் பாதைக்குக் கிழக்கே, ஒரு வீட்டின் மாடிப் போர்ஷனில் நான் தனியாக இருந்தேன். அந்த மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நிற்கும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடப்பேன். ஸ்டேஷன் வாசலில் டீக்கடை போட்டிருந்தவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கண்ணாடி கிளாஸை நீட்டினார்.

"இன்னா சார், தாடி கீது, மாலையைக் காணோம்?"

"மலைக்குப் போகலைப்பா. சும்மா வச்சிருக்கேன்."

"சும்மா யாரு சார் வச்சிகினு திரிவாங்க? வூட்ல அக்கா எங்க, கண்ணுலயே படல?"

"ஊருக்குப் போயிருக்காங்க."

அவர் அடுத்த டீயை ஆற்றுவதை நிறுத்தினார். "கோச்சிகினு பூட்டாங்களா? கவலப்படாத சார். வந்துருவாங்க."

நான் மறுக்கவில்லை. அதற்கப்புறம் என் டீயில் சர்க்கரை கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

கார்த்திகை பிறந்ததும் நிலைமை மாறியது. மின்சார ரயிலில் முன்பின் தெரியாதவர்கள் "உக்காருங்க சாமி" என்று இடம் விட்டார்கள். கிண்டியில் எங்கள் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டுக்கு ஒன்றாக உட்காரும் நண்பர்கள், நான் விரதம் என்று நினைத்துக்கொண்டு முட்டைப் பொரியல் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அடுத்த மேஜைக்கு நகர்ந்தார்கள். மரியாதையாகத்தான் நகர்ந்தார்கள். விரதம் இல்லை என்று சொன்னால் வேறென்ன என்று கேட்பார்கள். நான் என் தயிர்சாதத்தைத் தனியாகச் சாப்பிட்டேன்.

வாடிக்கையாளர்களின் புகார்களை வாங்கும் கவுண்ட்டரில் எனக்கு வேலை. ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டார்.

"சாமிக்குன்னா சொல்லிட்டு வளத்துக்குங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இல்லேன்னா ஷேவ் பண்ணிட்டு வாங்க."

"ஒரு வேண்டுதல் சார்."

"சரி, முகத்துக்கு வேண்டுதல். கழுத்துக்கும் வேண்டுதலா? காலர் மேல விழுது பாருங்க. அதையாவது சுத்தம் பண்ணுங்க."

நியாயமான கேள்விதான். நான் எதையும் புத்தகத்தில் தேடும் ஆள். வாடகை நூலகத்தில் கிடைத்த சாஸ்திரப் புத்தகங்களைப் புரட்டினேன். கர்ப்பிணியின் கணவன் கடலில் குளிக்கக்கூடாது, மரம் வெட்டக்கூடாது, பிணம் தூக்கக்கூடாது, சவரம் செய்யக்கூடாது என்றெல்லாம் இருந்தது. சவரம் என்பது எந்த இடத்தில் முடிகிறது என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசுவேன். மாமியார் வீட்டுக்கு எதிரே உள்ள மருந்துக்கடையில்தான் போன். ஆள் அனுப்பி அவளைக் கூப்பிடுவார்கள். அவள் தெருவைக் கடந்து வரும் நேரத்தில் மறுபடி அழைக்க வேண்டும்.

"கழுத்தை மட்டும் எடுக்கலாமான்னு கேக்கறேன்."

"கழுத்துன்னா எங்கேருந்து?"

"தாடைக்குக் கீழே."

"தாடைக்குக் கீழே இருக்கறதும் தாடிதானே? இருங்க, அம்மாவைக் கேக்கறேன்." மாமியாரும் கூட வந்திருந்தார். போனைப் பொத்தாமலே கேட்டாள். பதிலும் எனக்கே கேட்டது. மாமியாருக்குப் போன் என்றால் குரலை உயர்த்திப் பேச வேண்டிய ஒன்று.

"தொண்டையில சங்கு எலும்பு துருத்திக்கிட்டு இருக்குல்ல, அதுக்கு மேல எதுவும் படக்கூடாதுன்னு சொல்லு. கீழேன்னா கத்தரி போட்டுக்கலாம். கத்தி வேண்டாம். கடைக்குப் போக வேண்டாம், அங்கே எவன் கேப்பான், வழிச்சி விட்டுருவான்."

"கேட்டுச்சா?" என்றாள் மனைவி.

கேட்டது. அன்று மதியமே ஜன்னல் கம்பியில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

தன் கழுத்தைத் தானே வெட்டிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். முகவாயைத் தூக்கினால்தான் கழுத்து தெரியும். தூக்கினால் கண்ணால் கீழே சரியாகப் பார்க்க முடியாது. அவள் விட்டுப்போன பவுடர் டப்பாவின் கண்ணாடியை இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கையால் வெட்டினேன். அதில் தெரியும் கை எதிர்ப்பக்கம் நகர்ந்தது. வலப்புறம் ஏறிவிட்டது. அதற்குச் சமமாக இடப்புறத்தை ஏற்றினேன். இடப்புறம் கூடிவிட்டது. மற்ற நாட்களில் நான் சவரம் செய்யும்போது அவள் சமையலறைக்கும் வாளிக்கும் நடுவே போய்க்கொண்டே, "காதுக்குக் கீழே விட்டுட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் போவாள். நின்று பார்த்ததுகூட இல்லை. அந்த ஒரு வாக்கியத்துக்கு அன்று வீட்டில் ஆளில்லை.

இன்னொரு விஷயமும் தெரியாமல் போனது. அண்ணாந்திருக்கும்போது தோல் இழுபட்டிருக்கும். சரியாக இருக்கிறதென்று தலையை நேராக்கினால், போட்ட கோடு மேலே ஏறிவிடும். நேராக்கிக்கொண்டு விரலை வைத்துப் பார்த்தேன். சங்கு எலும்பு கீழே தனியாக நின்றது. அதற்கு மேலே ஒரு விரல் அகலத்துக்கு முடியில்லை.

விரித்திருந்த செய்தித்தாளில் முடி கிடந்தது. அதை மடிக்க மனம் வராமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரிந்த எந்த விஞ்ஞானமும் அப்போது பக்கத்தில் வந்து உட்காரவில்லை.

அடுத்த ஞாயிறு அவளே கேட்டாள். "சரியா வந்துதா?"

"கொஞ்சம் மேலே போயிடுச்சு."

"எவ்வளவு?"

"ஒரு விரல்."

அவள் குரலைத் தாழ்த்தி, "அம்மாகிட்ட சொல்ல மாட்டேன். இனிமே அதுல கை வைக்காதீங்க" என்றாள்.

"நீ நல்லா இருக்கியா?"

"உதைக்குது. அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

கை வைக்கவில்லை. ஆனால் கோணல் கோட்டின் மேல் புதுமுடி முளைத்து முன்னைவிட அசிங்கமாக இருந்தது. நல்லவேளை, மார்கழி பிறந்தது. மார்கழியில் மஃப்ளர் சுற்றிக்கொண்டால் நம்மூரில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. பச்சை மஃப்ளர் ஒன்றை வாங்கி, ரயிலிலும் கவுண்ட்டரிலும் கழுத்தில் சுற்றியபடியே இருந்தேன். மேனேஜர், "ஜலதோஷமா?" என்றார். "ஆமா சார்" என்றேன். பொய்களிலேயே சுலபமானது அதுதான். மாலையில் வீட்டுக்கு வந்து மஃப்ளரைக் கழற்றியதும் கை தானாக அந்த இடத்துக்குப் போகும். வளர்ந்து மூடியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன். விடுமுறை நாட்களில் பேச்சே இல்லாமல் பொழுது போய்விடும். பால்காரரிடம் "அரை லிட்டர்" என்று சொன்னது மட்டுமே அன்றைக்கு நான் பேசியதாக இருக்கும்.

தை பிறந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை பூத்திலிருந்து அழைத்தபோது மருந்துக்கடைக்காரர், "வீடு பூட்டியிருக்கு சார். நேத்தே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க" என்றார்.

"ஏதாவது சொன்னாங்களா?"

"அவசரமாப் போனாங்க. அவ்வளவுதான் தெரியும்."

நாள் இன்னும் இருந்தது. அது எனக்குத் தெரியும், டாக்டர் சொன்ன தேதி மனப்பாடம். தாம்பரத்துக்குப் போய், கிடைத்த ரயிலில் ஏறினேன். உட்கார இடம் இல்லை. சாமிகளின் மாதம் முடிந்துவிட்டதால் தாடிக்கு யாரும் எழுந்திருக்கவில்லை. விழுப்புரம் வரை கதவோரம் நின்றேன். வெயில் ஏறியும் மஃப்ளரைக் கழற்றவில்லை.

மாயவரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் மாமியார் பிளாஸ்கோடு நின்றிருந்தார். முதலில் என் முகத்தைத்தான் பார்த்தார். இந்த முறை பார்வையைத் திருப்பவில்லை.

"பொண்ணு. காலையில பொறந்துது. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. உள்ள போங்க, நான் காபி வாங்கிட்டு வரேன்."

குழந்தை துணிச் சுருளுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. மனைவி வெளிறிப்போய்ச் சுவரில் சாய்ந்திருந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவள் கையை நீட்டி மஃப்ளரைப் பிரித்தாள். ஒரு விரலால் என் முகவாயைத் தூக்கிக் கீழே குனிந்து பார்த்தாள்.

"இந்தப் பக்கம் ரொம்பக் கோணல்" என்றாள். "யாரையாவது கண்ணாடி பிடிக்கச் சொல்லியிருக்கலாமில்ல?"

"யாரைச் சொல்றது?"

அவள் விரலை எடுக்கவில்லை. என் கண்ணுக்கு ஆஸ்பத்திரியின் கூரைதான் தெரிந்தது. வராந்தாவில் மாமியாரின் குரல் கேட்டதும் அவசரமாக மஃப்ளரை மறுபடி என் கழுத்தில் சுற்றி, நுனியைச் சட்டைக்குள் செருகிவிட்டாள்.