எங்கள் பஸ்ஸில் ஃபர்ஸ்ட் கிடையாது

காலை ஆறு ஐம்பது. கம்பெனி பஸ் கோட்டைக்கு எதிரே, லாங் பஜார் திரும்புகிற முனையில் வந்து நின்றபோது நான் முதலில் பார்த்தது முன்கண்ணாடிக்குக் கீழே இருந்த முருகன் படத்தையும் அதில் தொங்கிய மல்லிகைச் சரத்தையும். எங்கள் டிரைவர் வெள்ளிக்கிழமை மட்டும்தான் முருகனுக்குப் பூ வாங்குவார். அன்று திங்கட்கிழமை.

காரணம் பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் தெரியும். முந்தின வெள்ளிக்கிழமை ஒரு படம் வெளியாகியிருந்தது. அதில் டிரைவரின் மகன் உதவி இயக்குநர். உதவி இயக்குநர்கள் எட்டுப் பேர். பெயர் வரிசையில் இவன் எட்டாவது. என்ஜினியரிங் முடித்துவிட்டுச் சென்னைக்குப் போனவன், அப்பா சொல்லியும் திரும்பி வராதவன். அவன் திரும்பி வருவதா வேண்டாமா என்பதை அன்று காலை நாங்கள் சொல்லவேண்டியிருந்தது.

இந்தப் பொறுப்பு எங்களுக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

பஸ் மேல்விஷாரத்தில் கிளம்பி, வேலூர் வழியாக ஆம்பூரில் இருக்கும் ஷூ கம்பெனிக்குப் போகிறது. எனக்கு அங்கே ஆங்கிலக் கடிதங்களைத் திருத்துகிற வேலை. அதற்கு முன் பல வருடம் செய்தித்தாள் டெஸ்க்கில் மற்றவர்கள் எழுதியதைத் திருத்தினேன். சம்பளம் கூடியது, பிழைகள் குறையவில்லை. திங்கட்கிழமை பஸ்ஸில் சினிமாதான் பேச்சு. பேசுகிறவர்கள் முக்கியமாக மூன்று பேர். மேல்விஷாரத்தில் ஏறும் பாய், கம்பெனியில் தோல் தரம் பிரிப்பவர். சத்துவாச்சாரியில் ஏறும் அக்கா, தையல் பிரிவு சூப்பர்வைசர். தையல் மெஷின்களின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியதால் பஸ்ஸிலும் அதே குரல். மூன்றாவது, அக்கவுண்ட்ஸ்காரர். அவர் தியேட்டருக்குப் போவதில்லை. திருட்டுப் படம் இறக்கிப் போனில் ஒன்றரை வேகத்தில் ஓடவிட்டுப் பார்ப்பார்.

தோல் தொழிலில் இருப்பவர்களால் எதையும் தரம் பிரிக்காமல் பார்க்க முடியாது. பதப்படுத்திய தோலை மேஜையில் விரித்து ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட் என்று பிரிப்பார்கள். எதிலும் சேராதது ரிஜெக்ஷன். இந்த வேலைக்குச் செலக்ஷன் என்று பெயர். மாப்பிள்ளை, பிரியாணி, புதிதாகப் போட்ட ரோடு, எல்லாவற்றுக்கும் பஸ்ஸில் இதே அளவுகோல்தான். சினிமாவுக்கும் அதுவே.

"மூணு மணி நேரப் படம் பாய். ஹீரோ இன்டர்வெல் வரைக்கும் நடந்து வர்றான். அதுக்கப்பறம் திரும்பிப் போறான்," என்றார் அக்கா. ஒரு பெரிய நடிகரின் தீபாவளிப் படத்துக்கு அவர் சொன்ன முழு விமர்சனம் அது.

"செலக்ஷன் இன்னா?"

"தேர்ட். அந்த நாய் நல்லா நடிச்சிருந்துச்சு, அதனால தேர்ட்."

பேய்ப் படம் ஒன்றுக்கு அக்கவுண்ட்ஸ்காரர் சொன்னது: "பேய்க்கு ஃப்ளாஷ்பேக் வெச்சிருக்கான். ஒன்றரை ஸ்பீடுல பாத்தும் அது சாவ மாட்டேங்குது." ரிஜெக்ஷன்.

ஒரு காதல் படத்தைப் பாய் ஒரே வரியில் முடித்தார். "மேல நல்லா பெயின்ட் அடிச்சிருக்கான்மா. அடியில பூரா ஓட்டை."

பாய் சொன்னதில் ஒரு சட்டம் இருக்கிறது. தோலின் மேல்பக்கத்தைச் சாயம் அடித்து எப்படி வேண்டுமானாலும் மினுக்கிவிடலாம். கத்தி பட்ட இடம் அடிப்பக்கத்தில்தான் தெரியும். அதனால் ஒரு தோலை ஃபர்ஸ்ட் என்று சொல்கிறவர் அதைத் திருப்பிக் காட்டியாக வேண்டும். பஸ்ஸிலும் இதே சட்டம். நான் ஏற ஆரம்பித்த நாளிலிருந்து எந்தப் படமும் ஃபர்ஸ்ட் வாங்கியதில்லை. அரங்கம் எழுந்து கைதட்டியதாகப் பத்திரிகைகள் எழுதிய படத்துக்கும் செகண்ட்தான். அதையும் அக்கா யோசித்துத்தான் கொடுத்தார்.

இதையெல்லாம் டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டே வருவார். அவர் படம் பார்ப்பதில்லை. பார்க்க முடிவதில்லை என்பதுதான் சரி. தியேட்டரில் விளக்கு அணைந்ததும் தூங்கிவிடுவார். இடைவேளையில் எழுந்து பாப்கார்ன் தின்றுவிட்டு மறுபடி தூங்குவார். காசு கொடுத்துக் குளிரில் தூங்குவதற்கு அவர் தியேட்டரைத்தான் நம்பியிருந்தார்.

அவருடைய இன்னொரு பழக்கத்தையும் சொல்லவேண்டும். கோட்டை முனையில் தாமதமாக வருகிறவர்களுக்காக பஸ் கொஞ்சம் நிற்கும். அப்போது இறங்கி டீ குடிப்பார். பிறகு பாட்டில் தண்ணீரை வாயில் ஊற்றி, கன்னம் உப்ப நிதானமாகக் கொப்பளித்து, பஸ்ஸின் முன் இடது டயரில் துப்புவார். பக்கத்தில் சாக்கடை இருக்கிறது. அதில் துப்ப மாட்டார். டயரில்தான். "டயருக்கு டிபன் ஆச்சு, கெளம்பலாம்," என்பார் பாய்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை, திரும்பி வரும்போது, டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சொன்னார்.

"எல்லாரும் ஞாயித்துக்கெழமைக்குள்ள பையன் படத்தப் பாத்துடுங்க. திங்கக்கெழம சொல்லுங்க. நல்லால்லன்னா கூப்ட்டு வந்து நம்ம கம்பெனியிலயே கட்டிங் செக்ஷன்ல சேத்துடறேன். மேனேஜருகிட்ட பேசிட்டேன். புதன் வரைக்கும் எடத்த வெச்சிருக்கேன்னாரு."

"நீங்களே பாக்கலாம் இல்லண்ணே?" என்றார் அக்கா.

"நான் தூங்கிடுவேன். தூங்காம பாத்தாலும் பெத்தவன், நல்லாக்குதுன்னுதான் சொல்வேன். நீங்கதான் ஈவு இரக்கம் இல்லாதவங்க."

அது பாராட்டு என்பது எங்களுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

சனிக்கிழமை மாலை நான் பார்த்தேன். அரங்கில் நானும் ஒரு காதல் ஜோடியும் சில மின்விசிறிகளும் இருந்தோம். ஜோடி திரையைப் பார்க்கவில்லை. நல்ல முடிவு என்று இடைவேளைக்குள் எனக்குப் புரிந்துவிட்டது. பாய் ஞாயிறு மதியம், மாமியார் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்தார். அக்கா சர்ச் முடிந்து நேராக, கணவரையும் இழுத்துக்கொண்டு போனார். அன்று இரவு என் போனில் புதிதாக ஒரு வாட்ஸ்அப் குழு முளைத்தது. பஸ்ஸில் வருகிறவர்களில் டிரைவர் மட்டும் அதில் இல்லை. அக்கா எழுதியிருந்தார்: "நாளைக்கு யாரும் உண்மை பேசக் கூடாது. சர்ச்சுக்குப் போயிட்டு வந்துதான் சொல்றேன். ஆண்டவர் மன்னிப்பார்."

எல்லோரும் கட்டைவிரல் போட்டார்கள். நானும் போட்டேன்.

ஆக, திங்கட்கிழமை. டிரைவர் டயருக்கு டிபன் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். கோணவட்டம் தாண்டும்வரை யாரும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் பஸ்ஸில் அது சாவு வீட்டு அமைதி.

"சொல்லுங்க," என்றார் டிரைவர்.

"ஃபர்ஸ்ட் செலக்ஷன்ணே!" என்றார் அக்கா.

"ஃபர்ஸ்ட்தான்," என்றார் பாய், ஜன்னலுக்கு வெளியே பாலாற்றைப் பார்த்துக்கொண்டு.

"ஃபர்ஸ்ட்," என்றார் அக்கவுண்ட்ஸ்காரர்.

செய்தித்தாளில் மூன்று நிருபர்கள் ஒரே வாக்கியத்தை எழுதி அனுப்பினால், ஒருவரும் இடத்துக்குப் போகவில்லை, அறிக்கையை வாங்கி அப்படியே எழுதியிருக்கிறார்கள் என்று டெஸ்க்கில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரிந்துவிடும். டிரைவர் டெஸ்க்கில் உட்கார்ந்தவர் இல்லை. ஆனால் எங்களைத் தினமும் கேட்கிறவர்.

பஸ்ஸை ஓரம் கட்டினார். திரும்பி உட்கார்ந்தார்.

"இன்னா பேஜார் பண்றீங்களா? உலகமே தலயில தூக்கி வெச்சிக்கினு ஆடன படத்துக்கே செகண்ட் போட்டவங்க நீங்க. எம் பையன் படத்துக்கு ஃபர்ஸ்ட்டா? பாய், ஃபர்ஸ்ட்னா திருப்பிக் காட்டணும். காட்டு."

பாய் காட்டவில்லை. தொண்டையைச் செருமினார். "ரிஜெக்ஷன் தோஸ்த்," என்றார்.

"அப்பிடிச் சொல்லு," என்று டிரைவர் பஸ்ஸைக் கிளப்பினார்.

அதன் பிறகு அணை உடைந்தது. இதில் ஒரு சங்கடம் இருந்தது: படத்தின் கதை நடப்பதே ஒரு தோல் தொழிற்சாலையில். வேறு எந்தத் தொழிலாக இருந்தாலும் அந்தப் படம் தேர்டில் தப்பித்திருக்கும்.

"ஹீரோ தோல் ஊறப்போடற சுண்ணாம்புத் தண்ணியில முட்டி வரைக்கும் எறங்கி நின்னுக்கினு லவ் சொல்றாண்ணே," என்றார் அக்கா. "அவ யோசிச்சுச் சொல்றேன்றா. அவ யோசிக்கறதுக்குள்ள இவன் காலு வெந்து பூடும்."

"அந்தப் பொண்ணு மொதமொறையா தோல் ஷெட்டுக்குள்ள வர்றா. மூக்கப் பொத்தல. பாட்டு பாடறா," என்றார் அக்கவுண்ட்ஸ்காரர்.

"லெதர் ஷூ ஏத்துமதி பண்றேன்னு வில்லன் பொட்டியத் தெறக்கறான். உள்ள பூரா ரெக்ஸின்," என்றார் பாய். அதை அவர் கோபமாகவே சொன்னார். "சண்டையில ஹீரோ ஈர எருமைத்தோல ஒத்தக் கையில சொழட்டி அடிக்கறான். அதத் தூக்கி மேஜையில போடவே ரெண்டு ஆளு வேணும்யா. அந்த பலம் இருந்தா அவன் எதுக்குத் தோலச் சொழட்டணும், வில்லனையே சொழட்டலாமே!"

பின்சீட்டு வரை சிரிப்பு. டிரைவரும் சிரித்தார். அவர் சிரித்ததுதான் எனக்கு ஆச்சரியம். பிறகு கேட்டார்.

"இதெல்லாம் எம் பையனுக்குத் தெரியாதா? தோல் நாத்தத்துல பொறந்து வளந்தவன்."

"சொல்லியிருப்பான்ணே. எட்டாவது ஆளு சொல்றத எவன் கேக்கறான்?" என்றார் அக்கா.

"சொன்னானாம். அவங்கம்மாகிட்ட சொல்லிருக்கான். படக்காரங்க 'தம்பி, படத்துல நாத்தம் தெரியாது, நீ போய் டீ சொல்லு'ன்னாங்களாம்." டிரைவர் கியரை மாற்றினார். "சரி வுடு. கட்டிங்குக்கே வரட்டும். புதங்கெழம கூட்டியாந்துடறேன்."

பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் வரிசை நீண்டிருந்தது. பஸ் நின்றது. அப்போது அக்கவுண்ட்ஸ்காரர் எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். ஃபர்ஸ்ட்னு சொன்னது பொய்தான். ஆனா ஒரு எடத்துல மட்டும் நான் நார்மல் ஸ்பீடு வெச்சு, திருப்பி ஓடவுட்டுப் பாத்தேன்."

"எந்த எடம்?"

"ஹீரோ பஸ்ஸேறி ஊர வுட்டுப் போறான். பஸ் கெளம்பறதுக்கு முன்னாடி டிரைவரு எறங்கறாரு. டீ குடிக்கறாரு. கன்னத்த உப்பிக் கொப்பளிக்கறாரு. கொப்பளிச்சு, டயர்ல துப்பறாரு."

"ஆமாம்!" என்று அக்கா கத்தினார். "நான் பாத்தேன்! எங்க வூட்டுக்காரர எழுப்பிக் காட்டனேன்!"

நானும் பார்த்திருந்தேன். அரங்கில் தனியாகச் சிரித்திருந்தேன். ஜோடி திரும்பிப் பார்த்தது. பொய் சொல்லும் மும்முரத்தில் படத்தில் இருந்த ஒரே உண்மையை எல்லோரும் சொல்ல மறந்திருந்தோம்.

டிரைவர் முன்னால் நின்ற லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்த டயரு?"

"முன்னாடி."

"எந்தப் பக்கம்னு கேக்கறேன்."

"லெஃப்ட்டு."

லாரி நகர்ந்தது. பஸ் நகரவில்லை. பின்னால் ஹாரன்கள் ஆரம்பித்தன.

"அத திருப்பிக் காட்டலாம் தோஸ்த்," என்றார் பாய். "அது ஃபர்ஸ்ட்டு."

"அதப் போயி படத்துல வெப்பானா, கம்மனாட்டி," என்றார் டிரைவர். பஸ்ஸைக் கிளப்பினார். மாதனூரில் அக்காவைக் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்: "அது இன்டர்வெலுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடிண்ணே. ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துலயே வந்துடும். அதுக்குள்ள தூங்காதீங்க."

அன்று மாலை எங்களை வழக்கத்தைவிட வேகமாகக் கொண்டுவந்து இறக்கினார். வேகக்கட்டுப்பாட்டுக் கருவி பொருத்திய பஸ்ஸில் அது எப்படி முடிந்தது என்று எனக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை காலை கோட்டை முனையில் பஸ் நின்றது. டிரைவர் இறங்கி டீ குடித்தார். தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்தார். ஜன்னல்களில் எல்லாத் தலைகளும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. அவர் டயர் வரை வந்தார், எங்களை அண்ணாந்து பார்த்தார், கன்னம் உப்பியபடியே நடந்துபோய்ச் சாக்கடையில் துப்பிவிட்டு வந்தார்.

ஏறி உட்கார்ந்ததும் அக்கா கேட்டார். "பாத்தீங்களாண்ணே?"

"பாத்தேன்."

"தூங்கலையே?"

"அது வர்ற வரைக்கும் தூங்கல."

"செலக்ஷன் இன்னா?"

"ரிஜெக்ஷன்," என்றார் டிரைவர். "படத்துல வர்றவன் டிரைவரா? ஸ்டியரிங்க எவனாவது அப்பிடிப் புடிப்பானா? டீ ட்ரே புடிக்கற மாதிரி புடிக்கறான். துப்பறதும் சரியில்ல. தண்ணி ரொம்பக் கம்மி. ராத்திரியே பையனுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன்."

"அவன் இன்னா சொன்னான்?"

"அடுத்த படத்துல சரி பண்றேன்றான்."

வியாழக்கிழமையிலிருந்து பள்ளிகொண்டாவில் ஒருவர் கூடுதலாக ஏறுகிறார். கட்டிங் பிரிவில் புதன்வரை காலியாக வைத்திருந்த இடத்துக்குப் புதிதாக எடுத்த ஆள்.