கண்ணாடிச் சட்டத்தில் ஓர் அன்னநடை

என் தங்கைக்கு நான் செய்த கெடுதலைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, நானே தலையில் சுமந்துகொண்டு போனேன்.

அப்போதெல்லாம் கல்யாணத்துக்கு வாழ்த்துப்பா அச்சடிப்பார்கள். பந்தலில் ஒருவர் ராகம் போட்டு வாசிப்பார். பிறகு அது மாப்பிள்ளை வீட்டுச் சுவரில் ஏறும். உலகச் சண்டைக் காலம், காகிதத்துக்கே பஞ்சம். சோழவந்தான் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிற கைநாட்டுக்காரனான எனக்குத்தான் அந்த ஆசை வரவேண்டுமா? என் ஆசைக்கு என்றைக்குமே என் அளவு தெரியாது.

மதுரையில் ஒரு புலவரைப் பிடித்தேன். தங்கையைப் பற்றிக் கேட்டார்.

"அதுக்கு எடது காலு கொஞ்சம் இழுக்கும்யா. மாப்பிள்ளை மனசார ஒத்துக்கிட்டாரு. அவுக சனத்துலதான் நாலு பேரு மொணங்குறாக. அதனால பாட்டுல நடையப் பத்தி மட்டும் வேணாம்."

கண்ணை மூடித் தலையாட்டினார். கேட்கிறார் என்று நினைத்தேன்.

திருவாதவூரில் கல்யாணம். மாப்பிள்ளையின் சித்தப்பா எழுந்து வாசித்தார். முகம் நிலா, கண் மீன். நான் மீசையை முறுக்கினேன். அடுத்த அடியில், அன்னமே வெட்கப்படும் நடையாம். வாசித்தவரே நிறுத்திவிட்டு மணமேடையைப் பார்த்தார்.

"ஏ மாப்ள, அன்னத்துக்குக் கால்ல முள்ளு தச்சிருச்சா?" என்றது ஒரு குரல்.

பந்தலே சிரித்தது. தங்கை குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. ராகத்தில் அடி விளங்காமல் நானும் ஒரு நொடி சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்றும் என்னை நானே அறைந்துகொள்ளலாம்.

மறுநாளே புலவர் வீட்டுக்குப் போனேன்.

"நடைய எழுதாதீகன்னு சொன்னேன்ல?"

"அது மரபப்பா. நிலாப் போல முகம் என்றால் உவமை. 'போல'வை எடுத்துவிட்டு முகமே நிலா என்றால் உருவகம். நடைக்கு அன்னம். எந்தப் பெண்ணுக்கும் அப்படித்தான்."

"எந்தப் பொண்ணுக்கும் ஒண்ணுதான்னா எங்கிட்ட எதுக்கு அம்புட்டுக் கேட்டீக?"

"பேர் தெரிய வேண்டாமா?"

"நீங்க அன்னத்தப் பாத்திருக்கீகளா?"

"இல்லை."

"எந்தங்கச்சிய?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தண்ணிக்கொடம் தளும்புற மாதிரி வரும்யா. ஒரு பக்கம் சாஞ்சு, ஒரு சொட்டு சிந்தாம நிமுந்துரும். அத எழுதியிருக்கலாம்ல?"

"எதுகை இடிக்கும். அடிக்கு அடி இரண்டாம் எழுத்து ஒத்து வரவேண்டும்."

எழுத்து ஒத்து வந்தால் போதும். பெண் எக்கேடு கெட்டால் என்ன? எனக்கு ரத்தம் கொதித்தது. கழுதை போல என்று உவமையில் ஆரம்பித்து, சீக்கிரமே 'போல'வை எடுத்துவிட்டேன். தெருவே கூடிவிட்டது. அந்த ஆத்திரத்தில்தான் பிறகு நான் எழுத்தே கற்றேன். வயது முப்பதைத் தாண்டியிருந்தது. என்னோடு அரிச்சுவடி படித்தவர்களுக்குப் பால்பல் விழவில்லை.

தங்கைக்குப் பொங்கல் சீர் கொண்டு போனபோது, அவள் மாமியார் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏ அன்னம், ஒங்கண்ணே வந்துருக்கான் பாரு."

நேரே போய்ச் சுவரிலிருந்த சட்டத்தைக் கழற்றினேன். தங்கை வந்து என் கையைப் பிடித்தாள்.

"மாட்டிருண்ணே. கழட்டுனா இன்னுங் கூடத்தான் சிரிப்பாக. நீ இன்னைக்குப் போயிருவ. நான் இங்கிட்டுத்தான இருக்கணும்."

திரும்ப ஆணியில் மாட்டினேன். கோணலாக இருக்கிறது என்று அவள்தான் சொன்னாள்; நேராக்கினேன்.