அவர் பேரில் போட்ட வழக்கு

எனக்கு நிலம் கிடையாது. ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனிக்கு ஷிப்டு போகிறேன். வீட்டில் இரண்டு மாடு இருந்தன. ஒன்று என் போனஸில் வாங்கியது, இன்னொன்று அது போட்ட கன்று. சொந்தமாக ஒரு முழம் மண் இல்லாதவள் மாடு வைத்துப் பால் ஊற்ற முடிந்தது என்றால், ஊருக்குக் கிழக்கே மந்தைவெளி இருந்ததால்தான். சர்க்கார் புறம்போக்கு. யார் மாடும் மேயலாம்.

அந்த மந்தைவெளிக்கு ஒருநாள் பட்டாவோடு ஆட்கள் வந்தார்கள். குடோன் கட்டப் போகிறார்களாம். சர்க்கார் நிலத்துக்குத் தனியாள் பேரில் எப்படிப் பட்டா என்று கேட்டால், ஆபீசில் போய்க் கேள் என்றார்கள். ஆபீசில், "உங்க சர்வே நம்பர் என்ன?" என்றார்கள். எனக்கு ஏதய்யா சர்வே நம்பர்!

ஊர்க்கவுண்டர் முன்னால் வந்தார். எங்கள் ஊரில் பண்டிகை, பஞ்சாயத்து, எருது விடும் விழா எதுவானாலும் அவருக்குத்தான் முதல் மரியாதை. அவர் நிலம் மந்தைவெளியை ஒட்டியே இருக்கிறது. என் மாமனார் காலத்திலிருந்து எங்கள் வீட்டு ஆட்கள் அவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். "பயப்படாத கண்ணு, நான் இருக்கறன்" என்றார். எனக்கு அப்படியொரு தெம்பு வந்தது.

கவுண்டரும் ஊர்க்காரர்கள் கொஞ்சம் பேருமாக ஒரு வேன் பிடித்துக் கிருஷ்ணகிரிக்குப் போய் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தோம். அவர் என்னிடம்தான் முதலில் கேட்டார், எனக்கு அங்கே என்ன உரிமை என்று. மாடு மேய்க்கிறேன் என்றேன்.

"அதை வெறும் பழக்கம்னு சொல்லித் தள்ளப் பார்ப்பாங்கம்மா. நிலம் சர்க்காருது, கேக்க நீ யாருன்னுதான் எதிர்ப்பக்கம் ஆரம்பிக்கும். கவுண்டருக்கு அந்தச் சிக்கல் இல்ல. அவரு நிலத்துக்குத் தண்ணி போற வாய்க்கால் மந்தைவெளிக்குள்ள வருது. அவரு போடலாம்."

அதோடு நிறுத்தவில்லை. ஊர் சார்பாக நாலைந்து பேரையும் சேர்த்துக்கொண்டு, கோர்ட்டில் அனுமதி வாங்கிப் போடுவதுதான் நல்லது என்றார். "அப்படிப் போட்டா, நடுவுல ஒருத்தர் மனசு மாறினாலும் ஊருக்குத் தெரியாம வழக்கை வாபஸ் வாங்க முடியாது."

அவ்வளவுதான், வந்திருந்தவர்கள் முகமெல்லாம் சுருங்கிப்போனது. கவுண்டர் பேருக்குப் பக்கத்தில் இன்னொரு பேரா? அவரை நம்பவில்லை என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்வதா? "எம் பேரைச் சேத்துக்கங்க மேடம்" என்று நான் சொல்லிவிட்டேன். என் புருஷன் என் கையைப் பிடித்து அழுத்தினார். கவுண்டர் சிரித்துக்கொண்டே, "சேக்கட்டும், எனக்கென்ன?" என்றார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அத்தனை பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்றுவிட்டார்கள். வழக்கு அவர் பேரில் மட்டும் போனது.

கோர்ட் தடை கொடுத்தது. குடோன்காரர்கள் நட்ட எல்லைக்கல் நட்டபடி நின்றது. என் மாடு அதில் ஒய்யாரமாக முதுகைச் சொறிந்துகொண்டது. கவுண்டர் வீட்டுப் பக்கம் போகும்போதெல்லாம் அவரை மனசுக்குள் கும்பிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கும்பிட்டேன்.

அப்புறம் ஒரு காலை, ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கினால் மந்தைவெளியில் ஜேசிபி. வரிசையாகக் கம்பிவேலி. குடோன்காரரும் கவுண்டரும் நின்று கன்னடத்தில் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வக்கீலம்மாவுக்குப் போன் போட்டேன்.

"உங்களுக்குத் தெரியாதா? வழக்கை வாபஸ் வாங்கிட்டாரேம்மா. ஊரே சம்மதிச்சிருச்சுன்னு சொன்னாரே!"

"நாங்க சம்மதிக்கலன்னு இப்ப வந்து சொல்றோம் மேடம்."

"நீங்க யாரும் அந்த வழக்குல இல்லையேம்மா. வேணும்னா ஊர் சார்பா புதுசா ஒண்ணு போட்டுப் பாக்கலாம். ஆளைச் சேத்துக்கிட்டு வாங்க."

நேராகக் கவுண்டரிடம் போனேன். "ஏங்கய்யா, இப்படிப் பண்ணிட்டீங்களே?"

அவருக்குத் துளி சங்கடம் இல்லை. "எம் வாய்க்காலுக்குக் குழாய் போட்டுத் தர்றாங்க கண்ணு. நிலத்துக்கு ரோட்டுல இருந்து வழியும் விடறாங்க. அதுக்கு மேல நான் எதுக்குக் கோர்ட்டுக்கு அலையணும்?"

"ஊருக்காகப் போட்ட வழக்குங்க அது!"

"எம் பேருல இருந்த வழக்கும்மா."

பாவி மனுஷன்! அத்தனை பேர் கும்பிட்டதையும் வாங்கிக்கொண்டு, அதைத் தன் நிலத்துக்கு வழியாக்கிக்கொண்டார். நான் வீடு வீடாகப் போய்க் கையெழுத்துக் கேட்டேன். உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தார்கள், கவுண்டரை வண்டை வண்டையாகத் திட்டினார்கள், கையெழுத்து மட்டும் போடவில்லை. "அவரு மூஞ்சில முழிக்கணுமே" என்றார்கள்.

ரோட்டோரம் மேய்த்துப் பார்த்தேன். லாரிகளுக்கு நடுவே அது ஆகிற காரியமா? தீவனம் வாங்கிப் போட்டுக் கட்டுப்படியாகவில்லை. கன்றை விற்றேன். பெரிய மாட்டை மட்டும் விற்க மனசில்லை. அது சினையாக இருந்தது.

அப்போது கவுண்டர் சொல்லி அனுப்பினார். "எங்கிட்ட புல்லு கிடக்குது, நானே வாங்கிக்கறன்" என்று. பெரிய தர்மப்பிரபு! மாட்டை ரோட்டில் அவிழ்த்து விட்டாலும் விடுவேன், அவருக்குக் கொடுக்க மாட்டேன் என்று என் புருஷனிடம் தெளிவாகச் சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது கொட்டகை காலியாக இருந்தது.

"கவுண்டரே நேர்ல வந்து கேட்டாரு" என்றார் என் புருஷன். "கூட நாலு பேரு வேற இருந்தாங்க. அவங்க முன்னாடி எப்படி முடியாதுன்னு சொல்றது?"

"அது எம் மாடுய்யா" என்றேன்.

"அவருக்கு அது தெரியும்" என்றார். "'பொண்டாட்டிய ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் தருவியா'ன்னு எல்லார் முன்னாடியும் சிரிச்சாரு. எனக்கு மானம் போயிருச்சு."