ஈரம் காயாத சுவர்

சளப். சரக். சளப். சரக்.

சமையலறைப் பக்கமிருந்து வந்த சத்தம் ஹில்டா டப்பனின் நெஞ்சிலேயே அறைந்தது. கையிலிருந்த தேநீரை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். ஜன்னலுக்கு வெளியே, பக்கத்துப் பழைய தோட்டத்துச் சுவரில் ஒருவன் சிமெண்ட் பூசிக்கொண்டிருந்தான். திரும்பினான். தங்கை ஐவியின் மகன் கிளைவ்!

"உள்ள வாடா!"

பிரைட்டனில் எங்கள் தெருவுக்கே ஹில்டாவைத் தெரியும். கடற்கரை ஓட்டலில் படுக்கை விரிப்புகளைத் தேய்த்தே பாதி ஆயுளைக் கழித்தவள். கணவனால் கைவிடப்பட்ட தங்கையையும் குழந்தையையும் தாங்குவதற்காகவே கல்யாணத்தை மறந்தவள். ஐவி கண்மூடியபோது, அவள் ஆசைப்பட்டபடியே சாம்பலை இந்தத் தோட்டத்து அத்திமரத்தடியில் தூவினாள்.

பிறகு தோட்டத்தை ஒரு பணக்காரன் வாங்கினான். அடுக்குமாடி கட்டப்போகிறானாம். ஹில்டா கையெழுத்துக் கேட்டு வீடு வீடாகப் படியேறினாள். கெஞ்சினாள், சண்டை போட்டாள். கடைசியில் சுவரும் தோட்டமும் நகரத்தின் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. அன்று அத்திமரத்தடியில் கேக் வெட்டினோம். இனி எவனும் தொட முடியாது என்று நம்பினோம். என்ன மடத்தனம்! தேசத்தின் பட்டியலுக்குத்தான் சட்டம் காவல். எங்கள் ஊர்ப் பட்டியலுக்கு வெறும் மரியாதைதான் காவல். மரியாதையைக் காட்டி புல்டோசரை நிறுத்த முடியுமா?

கிளைவ் வாசற்பக்கமாகச் சுற்றி வந்து நின்றான். கையில் கொத்தனார் கரண்டி. பூட்ஸ் நிறையச் சேறு.

"சுவர் விரிசல் விட்டிருக்கு பெரியம்மா. ரிப்பேர்தான் பண்றேன்."

"ரிப்பேரா? யார்கிட்ட கதை விடுற? கூழாங்கல்லையும் ஓட்டாஞ்சில்லையும் சுண்ணாம்புல போட்டுக் கட்டின சுவர்டா அது. தண்ணியக் குடிக்கும், வேர்த்துக் கொட்டும். சிமெண்டைப் பூசி மூஞ்சிய மூடினா என்ன ஆகும்? இந்த ஊர்ல பால்குடிக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும்!"

அவன் தரையைப் பார்த்தான்.

"சொல்லுடா!"

"உள்ள தண்ணி தங்கும். பனியில உறைஞ்சு உப்பி... சரிஞ்சிரும்."

"அப்புறம் தோட்டத்த வாங்கினவன் ஆபத்தான சுவர்னு சொல்லி இடிச்சுப் போட்டுட்டு, அத்திமரத்தையும் வெட்டுவான். அதுதானே ஏற்பாடு?"

"எனக்கு வேலை வேணும் பெரியம்மா. நான் செய்யலேன்னா இன்னொருத்தன் செய்வான்."

"செய்யட்டும்! அவன் அம்மா அங்க படுக்கலையே!"

கிளைவ் நிமிர்ந்தான். "அம்மாவ வேணும்னா... கொஞ்சம் மண்ணைத் தொட்டியில எடுத்து..."

பளாரென்று ஓர் அறை. அவனைப் பெறாமல் வளர்த்த கை, முதன்முதலாக அவன் மேல் விழுந்தது.

"தொட்டியிலயா? ஜெரேனியப் பூச்செடியாடா அவ? உனக்குக் குளிருமேன்னு தன்கிட்ட இருந்த ஒரே கோட்டைக் கிழிச்சு உனக்குத் தைச்சுப் போட்டவடா!"

ஹில்டாவின் குரல் உடைந்தது. கோபம் மட்டும் உடையவில்லை.

"பூசினது இன்னும் ஈரமாத்தான் இருக்கு. போய்ச் சுரண்டி எடு."

அவன் கன்னத்தைத் தடவினான். கண் கலங்கியிருந்தது. கால் நகரவில்லை. "முதலாளி மத்தியானம் வருவார்... என்னால முடியாது பெரியம்மா."

"முடியாதா?" அவன் கையிலிருந்த கரண்டியை வெடுக்கென்று பிடுங்கினாள். "அப்ப இதை விட்டுட்டுப் போ, நானே சுரண்டிக்கிறேன்."

"பெரியம்மா, உங்க முட்டி வலிக்கும்... குனியக்கூட..."

"அதைப் பத்தி நீ பேசாத. போ வெளிய."

கிளைவ் வெறுங்கையோடு படியிறங்கினான். ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

கரண்டியை மார்போடு அணைத்தபடி, ஹில்டா வாசற்கதவை அறைந்து சாத்தினாள்.